கருவுற்றவள் துயிலும் அபயதானமும்



சென்ற ஆண்டு பெரம்பலூரில் நம்மவர் இல்லம் ஒன்றில் ஏழாம் மாதச் சடங்கு நடைபெற்றது. அங்கு அறவுரை கூறுமாறு அடியேனையும் அழைத்திருந்தனர். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் நம் குடும்பங்கள் மிகச் சிலவே. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் காணப்படும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள், முற்காலத்தில் அங்கு ஜினதருமம் தழைத்திருந்ததற்குச் சான்று பகர்கின்றன. இன்று அங்குள்ளோர் பெரும்பாலும் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறியவர்கள். ஆதலால் அன்றைய விருந்தினருள் பலரும் வந்தவாசி, செஞ்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து வந்தவர்களாயிருந்தனர்.

பூசை முடிந்ததும் அவ்வீட்டு மூதாட்டியார் ஓர் ஐயம் எழுப்பினார். "ஐயா, என் பேரனின் மனைவி விடியலில் எழுவதில்லை, பகலிலும் படுத்துக்கொள்கிறாள். தூக்கம் பிரமாதம் என்று தாங்களே சொற்பொழிவில் கூறியிருக்கிறீர்கள். அந்தச் சோம்பல் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளாதா?" என்றார். மணையில் அமர்ந்திருந்த அப்பெண் தலை குனிந்தாள். உலக வழக்கில் பிரமாதம் என்றால் சிறப்பு. நம் ஆகம வழக்கில் அது சோர்வு, மறதி. அந்தப் பொருளில்தான் அம்மையார் வினவினார். அன்று நேரமின்மையால் சுருக்கமாகவே விடை கூறினேன். விரிவான விடை இது.

துயிலைப் பிரமாதம் பதினைந்தனுள் ஒன்றாக நம் நூல்கள் வைத்திருப்பது உண்மையே. தரிசனாவரணீய கருமத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஐந்து துயிலைப் பற்றியனவே. முனிவர்க்குரிய மூலகுணம் இருபத்தெட்டனுள் பூசயனம் என்பது வெறுந்தரையில் ஒருபக்கமாகக் கிடந்து சிறுபொழுது துயிலுதல். ஆயின் இவ்விதி யாருக்கு? இல்லம் துறந்து, உடற்பற்று அறுத்து, தம் உயிர் ஒன்றையே கரையேற்ற முயலும் மாதவர்க்கு. கருவுற்ற இல்லறத்தாள் தன்னுள் இன்னோர் உயிரைத் தாங்கியிருக்கிறாள். ஐம்பொறியும் மனமும் உடைய பிறவிக்குரிய உயிர் அது. அவ்வுயிர் கருவில் புகுந்ததும் முதலில் எய்துவது ஆகாரப் பரியாப்தி, அதாவது உணவை ஏற்கும் ஆற்றல். அவ்வுணவு வருவது தாயின் குருதி வழியாகவே. தாயின் உடலை வருத்தினால் தவம் செய்ய இசையாத ஓர் உயிரையும் சேர்த்து வருத்துகிறோம். அதற்குப் பெயர் தவமன்று.

நம் புராணங்கள் கருவுற்றவளை எவ்வாறு போற்றுகின்றன என்பதைப் பாருங்கள். தீர்த்தங்கரர்க்குரிய கல்யாணங்கள் ஐந்தனுள் முதலாவது கருப்பாவதரணம். மருதேவி அன்னையார் பதினாறு கனாக் கண்டது இரவின் கடையாமத்தில். வெண்களிறும் இடபமும் அரிமாவும் தொடங்கிப் புகையில்லா நெருப்பு ஈறாக அக்கனவுகள் தோன்றுமளவும் அன்னையை எவரும் எழுப்பவில்லை. உலகுக்கு ஆதிபகவன் வரப்போகிறான் என்னும் செய்தி முதன்முதலாக வந்தது ஒரு தாயின் துயிலில்! பின்னர் ஸ்ரீ, ஹ்ரீ, திருதி, கீர்த்தி, புத்தி, இலக்குமி என்னும் தேவியர் வந்து பணிவிடை செய்தனர் என்கிறது புராணம். அன்னை அவர்களுக்குப் பணிவிடை செய்யவில்லை.

இக்கால அறிவியலும் இங்கே ஒன்று கூறுகிறது. கனவு மிகுதியாகத் தோன்றும் துயில்நிலை இரவின் பிற்பகுதியில்தான் நீண்டு வருகிறது. கருவுற்றவள் பன்முறை சிறுநீர் கழிக்க எழுந்து, நெஞ்செரிச்சலிலும் கால் குடைச்சலிலும் புரண்டு, 2 மணிக்குமேல் கண்ணயர்ந்திருப்பாள். அவளை 4 மணிக்கு வாசல் தெளிக்க எழுப்பினால், பறிபோவது அந்தக் கடையாமத் துயிலே.

துயில் குறைந்தால் வருவன யாவை? அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகர ஆய்வாளர்கள் முதற்பேறுடைய பெண்கள் 131 பேரைக் கண்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மாதத்தில் இரவு 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் துயின்றோர்க்குப் பேற்றுவலி நீடித்ததும், அறுவைப் பேறு பன்மடங்கு மிகுந்ததும் தெரியவந்தன. சிறிய ஆய்வுதான், அதையே முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டா. ஆனால் துயிற்குறைவுக்கும் கருக்கால நீரிழிவுக்கும் தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. கருவுற்றபின் புதிதாகத் தோன்றும் பலத்த குறட்டை, இரத்த அழுத்தம் உயர்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். வீட்டார் அதைக் கேட்டு நகையாடாமல் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.

நீரிழிவைப் பற்றி நம் தமிழ்நாடு பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. மருத்துவர் வீ. சேஷய்யா குழுவினர் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஆய்ந்து 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, கருக்கால நீரிழிவு நகர்ப்புறத்தில் 17.8 விழுக்காடு, சிற்றூர்ப்புறத்தில் 9.9 விழுக்காடு. கருவுற்ற பெண்கள் அனைவரையும் இதற்காகச் சோதிக்கும் முறையை 2007லேயே தமிழக அரசு கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோசு கலந்த நீரைப் பருகி, 2 மணி நேரம் கழித்துக் குருதி கொடுக்க வேண்டும். அளவு 140ஐத் தொட்டால் சிகிச்சை. வெறும் வயிற்றோடு போகவேண்டும் என்பதில்லை. "விரதமிருக்கிறாள், இன்று வேண்டா" என்று இச்சோதனையைத் தள்ளிப்போட்ட குடும்பம் ஒன்றை நானறிவேன்.

படுக்கும் முறையைப் பற்றியும் கூறவேண்டும். ஏழாம் மாதத்துக்குமேல் மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெரிய இரத்தக்குழாய்களை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. குழந்தைக்குச் செல்வதும் குறைகிறது. இங்கிலாந்தில் 41 மகப்பேற்று நிலையங்களில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து படுத்துத் துயிலத் தொடங்கிய பெண்களிடையே குழந்தை வயிற்றிலேயே இறத்தல் ஏறத்தாழ 2.3 மடங்கு மிகுந்திருந்தது. இத்தகைய இறப்பு எண்ணிக்கையில் அரிது, அஞ்சி நடுங்கவேண்டா. ஒருக்களித்துப் படுத்தால் போதும். இடப்பக்கந்தான் ஆகும் என்று பலரும் வற்புறுத்துவர். 2019இல் ஐந்து ஆய்வுகளின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்தபோது வலப்பக்கத்திலும் தீங்கு காணப்படவில்லை. நடு இரவில் விழித்துத் தான் மல்லாந்து கிடப்பதைக் கண்டால், மீண்டும் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்தால் இடுப்புவலியும் தணியும். முனிவர்க்கு விதித்த ஒருபக்கச் சயனம் இல்லறத்தாளுக்கும் இவ்வாறு பொருந்துவதை எண்ணி அன்று வியந்தேன். ஆனால் வெறுந்தரை அவளுக்கு வேண்டா!

28 வாரம் என்பது ஏறக்குறைய ஏழாம் மாதம். ஜினசேனாசாரியரின் ஆதிபுராணம் கூறும் கருப்பான்வய கிரியைகளில் மூன்றாம் மாதத்தில் பிரீதி, ஐந்தில் சுப்பிரீதி, ஏழில் திருதி, ஒன்பதில் மோதம். திருதி என்பது மனவுறுதி. மோதம் என்பது மகிழ்ச்சி. நாமோ அந்நாளில் புடவையையும் வளையலையும் பேசுகிறோம். திருதி நாளில் கணவனும் மாமியாரும் அமர்ந்து, "இனி இவள் எப்போது துயில்வாள்? நீர் இறைப்பது யார்? தொழுவம் பார்ப்பது யார்?" என்று வகுத்துக்கொண்டால் அச்சடங்கு நிறைவேறியதாகும்.

நோன்பைப் பற்றி அப்பெண் தானே தனியாக வந்து வினவினாள். தசலட்சண பருவத்தில் முழு உபவாசம் இருக்க விரும்பினாள். மாமியார் தடுப்பாரோ என்று அஞ்சினாள். தீர்த்தங்கரப் பதவிக்கு ஏதுவான சோடச பாவனைகளுள் சக்திக்கேற்ற தவமும் ஒன்று. சக்திக்கு மீறியதை ஆகமம் கேட்கவில்லை. நீரும் உணவும் இன்றி இருந்தால் உடல் வறளும். இன்சுலின் போட்டுக்கொள்பவளுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கமும் வரும். "பேறுகாலமும் பாலூட்டலும் முடியட்டும் அம்மா, பருவம் ஆண்டுதோறும் வரும். இவ்வாண்டு சினத்தை விடும் நோன்பு இருங்கள், வீட்டாரும் உங்களோடு இருக்கட்டும்" என்றேன். அவள் சிரித்தாள்.

இரவுண்ணாமையோ அவளுக்குத் துணையே. பொழுது சாயுமுன் உண்டு, 3 மணி நேரம் கழித்துப் படுப்பவளுக்கு நெஞ்செரிச்சல் குறையும். ஆனால் காலையில் கோயில் வழிபாடு முடிந்து 10 மணிக்கு உண்ணலாம் என்று காத்திருந்தால் வயிறு 15, 16 மணி நேரம் காயும். கதிரெழுந்ததும் அவள் உண்ணட்டும். வழிபாடு பிறகு ஆகட்டும். இரவிலும் உணவு வேண்டும் என்று மருத்துவர் விதித்தால் அதனை ஔஷதமாகவே கொள்ளுங்கள்.

கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணம். 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகை உடையவர்கள். பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் புகழ்பெற்றது. நமக்கு அது விலக்கு. அதனால் குறையொன்றுமில்லை. முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு வகைகளோடு நெல்லியோ எலுமிச்சையோ சேர்த்து உண்ணுக. உணவோடு தேநீர், காப்பி அருந்தினால் இரும்பு உடலில் சேராது. நான்காம் மாதம் முதல் 180 நாள் தரப்படும் இரும்பு மாத்திரையையும் தவிர்க்கலாகாது. மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையின் இயல்பே.

அப்பகுதியின் வெயிலும் கவலைக்குரியது. பருத்தி, மக்காச்சோளக் காட்டு வேலைக்குச் செல்லும் பெண்களை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்கள் 800 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைப்போர்க்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காவதைக் காட்டிற்று. நம் நிலத்தில் கூலிக்கு வரும் கருவுற்ற பெண்ணுக்கு நண்பகலில் நிழலும் நீரும் ஓய்வும் அளிப்பது நம் கடன். அவள் நம் சமயத்தவளா என்று கேட்கவேண்டா.

சுவேதாம்பர மரபின் கல்பசூத்திரத்தில் ஒரு வரலாறு உண்டு. நம் திகம்பர நூல்கள் அதனைக் கூறுவதில்லை. தாய்க்கு நோகுமே என்று வர்த்தமானர் கருவில் அசையாதிருந்தாராம். குழந்தைக்கு என்ன நேர்ந்ததோ என்று திரிசலை அன்னை பெருந்துயருற்றார். அதையறிந்து அவர் மெல்ல அசைந்ததும் அன்னை மகிழ்ந்தார். மரபு எதுவாயினும் அத்தாயின் பதற்றம் மெய்யானது. நலமுள்ள குழந்தை வயிற்றில் 20 முதல் 40 நிமிடங்கள் அசையாமல் துயிலும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. வழக்கமான அசைவு குறைந்துவிட்டதாகத் தாய் உணர்ந்தால், "விடியட்டும் பார்க்கலாம்" என்று யாரும் சொல்லலாகாது. அப்போதே 108ஐ அழையுங்கள். அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டுள்ளது.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. உயிருக்கு அச்சமின்மை நல்குவது அபயதானம். அரிசி அளந்து போட்டால்தான் தானம் என்று நினைக்கிறோம். கருவுற்றவளைக் கடுஞ்சொல் கூறாமல், கதவை ஓசையின்றிச் சாத்தி, தொலைக்காட்சியை அணைத்துத் துயில விடுகின்ற வீடும் தானம் செய்கிறது, ஏற்பவை ஈருயிர்.

ஒன்பதாம் மாதத்து மோத கிரியைக்கு மீண்டும் அவ்வில்லம் சென்றேன். காலை 6 மணி இருக்கும். மூதாட்டியார்தாம் வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தார். நான் "ஜெய் ஜினேந்திரா" என்று குரல் கொடுத்ததும் கையமர்த்தினார். "மெல்ல, ஐயா. இரவெல்லாம் பிள்ளை உதைத்துக்கொண்டிருந்ததாம். இப்போதுதான் கண்ணயர்ந்தாள்" என்று சொல்லித் திண்ணையில் பாய் விரித்தார்.