மால் என்னும் திருநாமம்

வேளச்சேரி முதலான தென்புறநகர்களில் இன்று பேரங்காடிகளின் பெயர்ப்பலகைகளில் ‘மால்’ என்னும் சொல் விளங்குகிறது. தாம்பரத்திற்கு அணித்தேயுள்ள திருநீர்மலையில் எழுந்தருளியிருக்கும் திருமாலின் திருநாமத்திலும் அதே ஓசை உண்டு. ஓசை ஒன்றாயினும் வேர் வேறு.

பேரங்காடியைக் குறிக்கும் மால் ஆங்கிலச் சொல். மரச்சுத்தியால் பந்தடிக்கும் இத்தாலிய விளையாட்டொன்று 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஆடப்பெற்றது. அதன் பெயரிலிருந்து பிறந்த இச்சொல் ஆடுகளத்தையும், பின்னர் நிழல்தரும் நடைபாதையையும், 20ஆம் நூற்றாண்டில் கடைத்தொகுதியையும் குறிக்கலாயிற்று.

அரபு மொழியில் மால் என்றால் செல்வம், உடைமை. பாரசீகம், உருது வழியே அது பாரதத்தில் பரவியது. வடநாட்டார் சரக்கு ரயிலை ‘மால்காடி’ என்பது இதனாலேயே. உள்ளம் அதன்பால் சாய்வதால் செல்வத்திற்கு அப்பெயர் வந்ததென்று அரபு அறிஞர் சிலர் விளக்கம் கூறுவதுண்டு.

தமிழில் மால் என்பதற்குப் பெருமை, கருமை, மயக்கம் என்னும் பொருள்கள் உள. மூன்றும் எம்பெருமானுக்குப் பொருந்தும். பெரியவன் அவன், கார்வண்ணன் அவன். மயக்கம் எவ்வாறு பொருந்தும்? திருப்பாவையின் 26ஆம் பாசுரத்தில் ஆண்டாள் அவனை இத்திருநாமத்தாலேயே விளிக்கிறாள். அடியாரிடத்து வியாமோகம் கொண்டவன் என்று பூர்வாசாரியர்கள் அதற்குப் பொருள் உரைத்தருளினர்.

இங்கேதான் மாந்தர் சிந்திக்க வேண்டும். செல்வத்தின்மேல் மனிதன் மால் கொள்கிறான். செல்வமோ அவன்மேல் மால் கொள்வதில்லை. இன்று ஒருவன் கையிலிருந்து நாளை மற்றொருவன் கைக்குச் செல்லும்போது அது திரும்பியும் பாராது. எம்பெருமான்மேல் வைத்த மாலோ ஒருதலையானதன்று. ஜீவன் அவனை நினைப்பதற்கு முன்னரே அவன் ஜீவனை நினைத்திருக்கிறான்.

திருமங்கை மன்னன் செல்வத்தின் சுவையையும் அறிந்தவர், அது கரைவதையும் கண்டவர். அவர் இத்தலத்திற்கு வந்தபோது மலையை நீர் சூழ்ந்திருந்ததென்றும், அது வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்தாரென்றும் தலவரலாறு கூறும். காத்திருந்தவருக்கு நீர்வண்ணனாய் நின்றும், நரசிம்மனாய் இருந்தும், அரங்கனாய்க் கிடந்தும், உலகளந்தானாய் நடந்தும் நான்கு திருக்கோலங்களில் சேவை சாதித்தான் பெருமான். ஆழ்வார் கொண்ட மால் ஒன்று. அவர்மேல் அவன் கொண்ட மால் நான்கு கோலமாய்ப் பெருகிற்று.

அங்காடிக்குச் செல்வதும் பொருளீட்டுவதும் இல்லறத்தார்க்கு விலக்கன்று. உள்ளம் எந்த மாலில் தங்குகிறது என்பதே கேள்வி. உற்சவத்திற்கு வரும் அன்பர்கள் மலைப்படி ஏறுகையில், தம்மேல் மால்கொண்டு மேலே ஒருவன் காத்திருக்கிறான் என்று நினைப்பார்களாக. அந்நினைவே கைங்கர்யத்தின் தொடக்கம்.