எய்தவனும் அம்பும்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்கிறது பழமொழி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அம்புக்குக் கண் இல்லை, கருத்து இல்லை, வில்லை வளைத்தவன் குறி வைத்த இடத்திலே சென்று பாய்வதன்றி அதற்கு வேறு வழியும் இல்லை. ஆனால், அந்த அம்பு பல்கலைக்கழகத்திலே பயின்று பட்டம் பெற்ற அம்பாக இருந்தால்? புதினங்கள் பல எழுதிப் பெயர் பெற்ற அம்பாக இருந்தால்? தன் மௌனத்துக்கு விலை பேசத் தெரிந்த அம்பாகவும் இருந்துவிட்டால்? பழமொழி அங்கே வாயை மூடிக்கொள்கிறது. நாம்தான் பேசியாக வேண்டும்.

அமெரிக்க நாட்டு ஹோவர்டு ஹண்ட் அப்படிப்பட்ட அம்பு. 1918-ல் நியூயார்க் மாநிலத்திலே பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகப் பட்டதாரி. இரண்டாம் உலகப் போரிலே கடற்படையில் பணியாற்றி, பிறகு ஒற்றர் பிரிவிலே சேர்ந்து சீனம் வரை சென்றவர். 1949-ல் சி.ஐ.ஏ. என்னும் உளவு நிறுவனத்திலே நுழைந்து, இருபதாண்டுகளுக்கு மேல் அதன் இருட்டறைகளிலே வாழ்ந்தவர். ஓய்வு நேரத்திலே அவர் எழுதிய கதைகளும் பெரும்பாலும் ஒற்றர் கதைகளே! கற்பனைக்கும் கடமைக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர் எந்த நாளில் இடிந்ததோ, அவருக்கே தெரிந்திராது.

அவருடைய கைவரிசையைக் கண்ட நாடுகளிலே ஒன்று குவாத்தமாலா. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அர்பென்சு என்ற தலைவர், 1952-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரும் பண்ணைகளிலே பயிரிடாமல் கிடந்த நிலத்தை உழவனுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டம். நிலம் இழந்தவர்களிலே யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனியும் ஒன்று. போதாதா? கம்யூனிசம் வந்துவிட்டது என்று கூச்சல் எழுந்தது. சில நூறு கூலிப்படையினர் எல்லை கடந்தனர்; காட்டுக்குள்ளிருந்து புரட்சிக்காரர்கள் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு வானொலி பொய் பரப்பியது; 1954 ஜூன் 27-ல் அர்பென்சு பதவி துறந்தார். அந்தத் திட்டத்தின் அரசியல், பிரச்சாரப் பகுதியைக் கவனித்தவர்களிலே ஹண்ட் ஒருவர். பின்னர் 1960 முதல் 1996 வரை அந்தச் சிறு நாடு உள்நாட்டுப் போரிலே வெந்தது. மாண்டவர்களும் மறைந்துபோனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்று உண்மையறியும் குழு மதிப்பிட்டது. ஹண்டை எவரும் கூண்டில் ஏற்றவில்லை. நல்ல வேலைக்காரர் என்ற பெயர்தான் கிடைத்தது!

1961-ல் கியூபா மீது ஏவப்பட்ட படையெடுப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. அது தோற்றது, அவர் ஏணியும் அதோடு சாய்ந்தது. 1970-ல் ஓய்வு பெற்றார். ஓய்ந்தாரா? மறு ஆண்டே வெள்ளை மாளிகை அழைத்தது. வியட்நாம் போரைப் பற்றி அரசு மறைத்து வைத்திருந்த ஆவணங்களை டேனியல் எல்ஸ்பர்க் வெளிப்படுத்த, 1971 ஜூன் 13 முதல் நியூயார்க் டைம்ஸ் அவற்றை அச்சிட்டது. குடியரசுத் தலைவர் நிக்சன் கொதித்தார். இரகசியம் ஒழுகாமல் அடைக்க ஒரு குழு அமைந்தது. அதற்குக் குழாய்க்காரர்கள் என்றே பெயர். அடைப்பதற்கு வந்தவர்கள் உடைக்கத் தொடங்கினர். 1971 செப்டம்பர் 3-ல், எல்ஸ்பர்க்குக்கு மனநல மருத்துவம் செய்த ஃபீல்டிங் என்பவரின் மருத்துவமனைக்குள், ஹண்டும் அவருடைய கூட்டாளி லிட்டியும் அனுப்பிய ஆட்கள் சன்னலை உடைத்து நுழைந்தனர். ஹண்ட் உள்ளே செல்லவில்லை; மருத்துவரின் வீட்டுக்குக் காவல் நின்றார், அவர் வெளியே கிளம்பிவிடாதிருக்கிறாரா என்று பார்க்க! நோயாளி தன் மருத்துவரிடம் மனம் விட்டுச் சொன்னதைத் திருடி, அவன் மானத்தைச் சந்தியிலே வைப்பது நோக்கம். கிடைத்தது ஒன்றுமில்லை.

இதைவிட இழிந்தது ஒன்று உண்டு. வாட்டர்கேட் என்றதும் எல்லோரும் பூட்டையும் திருடனையும் பேசுகிறார்கள். என் மனம் அந்தத் தந்திகளிடம்தான் போய் நிற்கிறது. தென் வியட்நாமின் தலைவர் தியெம் 1963 நவம்பரிலே படைத்தலைவர்களின் கலகத்தில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த கென்னடியே காரணம் என்று காட்டும் அரசாங்கத் தந்திகள் வேண்டும்! தேடினார் ஹண்ட், வேண்டியபடி இல்லை. இல்லையென்றால் என்ன, எழுத்தாளர் அல்லவா, அவரே எழுதினார். வெட்டினார், ஒட்டினார், படியெடுத்தார். மூலத்தை வல்லுநர்கள் சோதித்தால் நிற்காது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே ஒரு பத்திரிகையாளருக்குக் காட்டினாரே தவிர, கையிலே கொடுக்கவில்லை. இறந்துபோன ஒருவர் மீது, அவர் எழுந்து வந்து மறுக்க மாட்டார் என்ற துணிவில், கொலைப்பழி! வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால், அங்கே ஒற்றனுடைய தொழில் நடந்ததை அறிந்து வந்து சொல்வது. நடவாததைச் சமைத்துக் கொடுப்பவனுக்கு ஒற்றன் என்று பெயரில்லை. அந்தப் பொய்த் தந்திகள் பின்னர் எஃப்.பி.ஐ.யின் தற்காலிகத் தலைவர் கையிலே சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் வீட்டிலே கிறிஸ்துமஸ் குப்பையோடு சேர்த்து எரித்தார். காவலின் தலைவர் காகிதம் கொளுத்திய கதை அது!

வாட்டர்கேட் கட்டடத்திலே எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமையிடத்துக்குள் 1972 ஜூன் 17 அதிகாலையிலே ஐவர் பிடிபட்டதும், அவர்களிடம் இருந்த முகவரிப் புத்தகத்திலே ஹண்டின் பெயர் இருந்ததும் பலரும் அறிந்தவை. பிடிபட்டவர்களிலே சிலர், கியூபப் படையெடுப்புக் காலத்திலிருந்தே அவரை நம்பி வந்தவர்கள். அவர்கள் விலங்கோடு நிற்க, அதே வளாகத்து விடுதி அறையிலிருந்து ஹண்ட் நழுவிச் சென்றார்.

1973 ஜனவரியிலே குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி சிரிக்கா முதலில் விதித்த தற்காலிகத் தண்டனை 35 ஆண்டு. பிறகு அது குறைந்து, 33 மாதம் சிறையிலிருந்தார். செனட் குழுவின் முன்னே அவர் முறையிட்டதன் கருத்து இது: எந்தச் செயல்களைச் செய்ய இந்த நாடு எனக்குப் பயிற்சி அளித்ததோ, ஏவியதோ, அவற்றுக்காகவே இன்று என்னைத் தண்டிக்கிறது.

தோழர்களே, இந்தக் கேள்வியை எள்ளி நகையாடி ஒதுக்கிவிடுவது எளிது. நான் ஒதுக்க மாட்டேன். அதிலே பாதி உண்மை இருக்கிறது. குவாத்தமாலாவிலே பொய் வானொலி வீரச்செயல். வாஷிங்டனிலே பொய்த் தந்தி குற்றம்! அயலான் வீட்டுக் கதவை உடைத்தால் பதவி உயர்வு. உள்ளூர்க் கதவை உடைத்தால் சிறை! அறத்துக்குக் கடற்கரையிலே சுங்கச்சாவடி இருக்கிறதா என்ன? ஒரு கட்சி அலுவலகத்துக்காகத் துடித்த மனசாட்சி, ஒரு நாட்டின் தேர்தலே கவிழ்க்கப்பட்டபோது எங்கே உறங்கிற்று? ஹண்ட் கேட்கலாம் இதை. ஆனால், கேட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்த முடிவு தவறு. 1954-லும் நான் குற்றவாளியே என்பதல்லவா அந்த வாதத்திலிருந்து கிடைப்பது? அவரோ, 1972-லும் நான் நிரபராதி என்று பொருள் கொண்டார்.

செஞ்சோற்றுக் கடன் என்பார்கள் சிலர், கர்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. சரி, சோறு யாருடையது? வெள்ளை மாளிகை அவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர் கொடுத்தது. நிக்சன் தம் நிலத்திலே விளைவித்த நெல்லா அது? வரி கொடுத்த மக்களின் பணம். நிக்சனுக்கு வாக்களித்தவன் பணமும் அதிலே உண்டு. எதிர்த்து வாக்களித்தவன் பணமும் உண்டு. பகிரங்கமாகப் பெற்ற சோற்றுக்கு இருட்டிலே கடன் தீர்ப்பது எப்படி?

ஏவலாள் என்ற வாதத்தை அடியோடு வீழ்த்துவது அவர் கேட்ட பணம். வழக்குச் செலவுக்கும் குடும்பத்துக்கும் என்று கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். 1973 மார்ச்சிலே அவர் கோரியது ஏறத்தாழ 1,20,000 டாலர். மார்ச் 21-ல் நிக்சனும் அவருடைய வழக்கறிஞர் டீனும் இதைப் பற்றிப் பேசியது ஒலிநாடாவிலே பதிந்தது; அன்றிரவே 75,000 டாலர் ஹண்டின் வழக்கறிஞரிடம் சேர்ந்தது. மிரட்டவில்லை, கொடுத்த வாக்கைத்தான் நினைவூட்டினேன் என்றார் அவர். இருக்கட்டும். அம்பு எப்போதாவது கூலி கேட்டதுண்டா? தன் வாய் திறந்தால் யார் கவிழ்வார் என்று கணக்கிடத் தெரிந்தவருக்கு, கதவை உடைக்குமுன் அது களவா கடமையா என்று கணக்கிட அறிவு இல்லாமற் போயிற்று என்றால் யார் நம்புவது? அந்தப் பணத்தைக் கொண்டுபோய்ப் பிறருக்குப் பகிர்ந்து வந்தவர் அவர் மனைவி. 1972 டிசம்பர் 8-ல் சிகாகோவிலே விமானம் நொறுங்கி அவர் இறந்தபோது, கைப்பையிலே 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தது. தாயை இழந்த பிள்ளைகள் நால்வர். இதை எழுதும்போது கை தயங்கத்தான் செய்கிறது.

எய்தவர்களிலும் ஒருவர் வேறு விதமாக நடந்தார். குழாய்க்காரர்களை மேற்பார்த்த எகில் குரோ, ஃபீல்டிங் வழக்கிலே நாட்டுப் பாதுகாப்பு என்ற கேடயத்தை ஏந்த மறுத்து, 1973-ல் குற்றத்தை ஒப்பிச் சிறை சென்றார். அந்தச் சொல்லே தன் ஆராயும் அறிவை அடைத்துவிட்டது என்று 2007-ல் எழுதினார். மந்திரச் சொல் கேட்டு மதி மயங்குபவர் கோயில் வாசலிலே மட்டும் இல்லை போலும்! அதே 2007 ஜனவரியிலே, 88-ஆம் வயதில், மியாமி நகரிலே ஹண்ட் காலமானார்.

அன்றிரவு வாட்டர்கேட்டிலே காவல் இருந்தவர் பிராங்க் வில்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், வயது 24, கூலி வாரத்துக்கு 80 டாலர். கதவின் தாழ் விழாதபடி ஒட்டுநாடா ஒட்டியிருந்ததைக் கண்டு பிய்த்தெறிந்தார். மறுபடி வந்து பார்த்தார், மறுபடி ஒட்டியிருந்தது. போலீசுக்குத் தொலைபேசி செய்தார். அவருக்கு எவரும் ஏவவில்லை, எவரும் விலை பேசவுமில்லை. பிற்காலத்தில் நிலையான வேலை கிட்டாமல் அல்லற்பட்டு, 2000-ல், 52-ஆம் வயதில், வறுமையிலேயே இறந்தார்.