நடுவர் கண்ணில் படாத கை

மிரோஸ்லாவ் க்ளோசே உலகக் கோப்பைகளில் 16 கோல் அடித்த ஜெர்மன் முன்கள வீரர். 2002இல் ஐந்து, ஐந்தும் தலையால் முட்டியவை. 2014இல் பிரேசிலுக்கு எதிராக அடித்த பதினாறாவது கோல், அந்நாட்டு வீரர் ரொனால்டோவின் சாதனையைக் கடந்தது. 2016இல் ஓய்வு பெற்றார். அறவியல் அவரை நினைப்பதோ அவர் வேண்டாமென்று விட்ட இரண்டு வாய்ப்புகளுக்காக.

2005இல் பிரெமன் அணிக்கு ஆடியபோது, தமக்குக் கிடைத்த பெனால்டி தவறானது என்று அவரே நடுவரிடம் சொன்னார். முடிவு மாற்றப்பட்டது. 2012 செப்டம்பர் 26 அன்று நாப்போலி அணிக்கு எதிராக, இத்தாலியின் லாட்சியோ அணிக்காக ஆடுகையில் பந்து அவர் கையில் பட்டு வலைக்குள் போனது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். எதிரணியினர் சூழ்ந்துகொள்ள, கையில் பட்டதா என்று நடுவர் கேட்டதற்கு "ஆம்" என்றார் க்ளோசே. கோல் ரத்தானது. லாட்சியோ 0-3 எனத் தோற்றது.

கேட்காதபோது வாய் திறக்காமல் இருப்பது பொய்யாகுமா? 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், முறைப்படி கேட்கும் நீதிபதியிடம் குற்றம் சாட்டப்பட்டவர் உண்மை சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். கேட்காததைத் தானாக ஒப்புக்கொள்ளும் கடமை அவருக்கு இல்லை. இந்த அளவுகோலில் நாப்போலி நிகழ்ச்சிக்கு விடை எளிது. பிரெஞ்சு வீரர் தியரி ஆன்ரி விஷயம் அப்படியல்ல. 2009 நவம்பரில் அயர்லாந்துக்கு எதிராக அவர் கையால் நிறுத்திய பந்துதான் பிரான்சை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனது. ஆட்டம் முடிந்தபின் அதை ஒப்புக்கொண்ட ஆன்ரி, தாம் நடுவர் அல்லவே என்றார். மறுஆட்டமே நியாயம் என்று பிறகு சொன்னார், ஆனால் ஃபிஃபா அதை ஏற்கெனவே மறுத்திருந்தது.

ஆன்ரி பொய் சொல்லவில்லை. ஆனால் அக்வினாஸ் தரும் சலுகை தண்டனைக்கு அஞ்சி நிற்பவருக்கானது. பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு அவர் விதிப்பது வேறு கடமை, திருப்பிக் கொடுப்பது. கால்பந்தில் அதற்கு மிகக் குறுகிய அவகாசமே உண்டு. ஆட்டம் மீண்டும் தொடங்கும்வரைதான் நடுவர் தம் முடிவை மாற்ற முடியும். கோலுக்குப் பின் பந்து மைய வட்டத்துக்குப் போய் உதைபட்டுவிட்டால், எந்த ஒப்புதலும் ஸ்கோரைத் தொடாது. க்ளோசே அந்த அவகாசத்துக்குள் பேசினார்.

இளைஞர்கள் பார்க்கிறார்கள், நாங்கள் முன்மாதிரிகள் என்று அவர் சொன்ன காரணம் நல்லதுதான், ஆனால் போதாது. ஆளில்லாத மைதானத்திலும் நாப்போலிக்கு இழைக்கப்பட்ட அநீதி அதேதான். சக வீரர்களின் கோலை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு என்ன உரிமை என்ற கேள்வியும் எழும். விதிப்படி அந்தக் கோல் லாட்சியோவுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. அதனால் க்ளோசே யாருடையதையும் விட்டுக்கொடுக்கவில்லை.