கைம்மாறு கருதிய கொடை

இன்னும் உருப்பெறாத ஒரு பொருளுக்காக முன்னதாகவே பணம் கொடுப்பவரை நாம் என்னவென்று அழைப்பது? வாங்குபவர் என்பதா, வழங்குபவர் என்பதா, கடன் கொடுத்தவர் என்பதா? அமெரிக்காவில் 2024 ஆகஸ்டு மாதம் நிகழ்ந்த ஒன்று இவ்வினாவை நம்முள் எழுப்பியது. பிராண்டன் சாண்டர்சன் என்னும் நாவலாசிரியரின் காஸ்மியர் கதைவரிசையைத் தழுவி, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டொன்றை வெளியிட, பிரதர்வைஸ் கேம்ஸ் என்னும் நிறுவனம் பொதுமக்களிடம் பணம் கோரியது. கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தின் வழியாக 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 1.5 கோடி டாலருக்கும் மிகுதியாகக் கொடுத்தனர்.

இவ்விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1974-இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. நான்கைந்து பேர் கூடுவர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர். துணிந்த செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். விதிநூலும் உண்டு. எனினும் ஆட்டம் நிற்பது இவற்றின்மேலன்று. பாலம் இடிந்துவிட்டது என்று கதை நடத்துபவர் சொன்னால், அங்கிருக்கும் எல்லாருக்கும் அது இடிந்த பாலமே. சொன்ன சொல்லை அனைவரும் மதிப்பதுதான் அவ்வுலகின் தரையும் சுவரும்.

பணம் திரட்டும் முறையும் சொல்லின்மேல்தான் நிற்கிறது. 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர், தான் ஒரு கடையன்று என்றே சொல்லிக்கொள்கிறது. குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேராவிடில் எவரிடமும் பணம் பெறப்படுவதில்லை. சேர்ந்துவிட்டால் அதன்பின் கொடுத்தவர் கையில் எஞ்சுவது ஒரு வாக்குறுதியே. இது நமக்கு முற்றிலும் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-இல் வெளியிடுமுன் அன்பர் பலரிடம் கையொப்பம் பெற்றார்; அவர்கள் நம்பினர், நூலும் வந்தது.

வராமற்போவதும் உண்டு. அட்லாண்டிக் சிட்டி நகரைக் களமாகக் கொண்ட பலகை விளையாட்டொன்றுக்கு 2012-இல் 1,200-க்கும் மேற்பட்டோர் 1.22 லட்சம் டாலர் கொடுத்தனர். விளையாட்டு வரவில்லை. பெற்றவர் அதில் பெரும்பகுதியை வீட்டு வாடகை முதலிய சொந்தச் செலவுகளுக்கே பயன்படுத்தினார் என அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் 2015-இல் குற்றஞ்சாட்டியது. கூட்டு நிதி தொடர்பாக அவ்வாணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுவே. பின்னர், வாக்களிக்காத வேறொரு நிறுவனம் அவ்விளையாட்டை அச்சிட்டு, முன்பு பணம் கொடுத்தோருக்கு விலையின்றி அளித்தது. பட்ட கடன் ஒருவருடையது, தீர்த்தவர் இன்னொருவர்!

ஆயினும் தோல்வி வேறு, வஞ்சனை வேறு. வாக்களித்தபோது நிறைவேற்றும் எண்ணம் உண்மையாயிருந்தால் அது பொய்யாகாது என்றும், சூழ்நிலை மாறினால் நிறைவேற்றாமைக்கு விலக்கு உண்டு என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் பகுத்துரைக்கிறார். 2021-இல் கடல்வழிச் சரக்குக் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தபோது, நேர்மையாளர் பலரும் குறித்த காலத்தில் பெட்டிகளை அனுப்ப இயலாமல் தவித்தனர். அவர்களை ஏமாற்றியவரோடு ஒரே தட்டில் நிறுத்துவது அறமன்று.

நம்மை மிகவும் உறுத்துவது வேறு. 2022 மார்ச்சில் இதே சாண்டர்சன் நான்கு நாவல்களுக்காகக் கேட்டு, 4 கோடி டாலருக்கும் மேல் பெற்றார். அந்நாவல்களை அவர் முன்னமே எழுதி முடித்திருந்தார். அதை ஒளிக்கவும் இல்லை; ஆதலால் அவர்மேல் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஐயத்துக்கே இடமில்லாத இடத்தில் கொடுப்பதை ஆதரவு என்பதா, முன்பதிவு என்பதா? நம்பிக்கை குறைவாகவே தேவைப்படுவோரிடம் பணம் குவிகிறது. பெயர் அறியப்படாத ஒருவர் தம் முதற் படைப்புக்காக ஆயிரம் டாலர் கேட்டு, கெடு முடிந்து வெறுங்கையோடு திரும்புகிறார். இதைக் கொடுத்தோரின் பிழையென்றும் நாம் துணிந்து சொல்லமாட்டோம். தாம் நேசித்த கதைக்குள் நண்பர் நால்வரோடு நுழைந்து பார்க்கவே அவர்கள் கொடுத்தனர். அந்த ஆசை மாசற்றது.

பெற்றவரின் கடமை மட்டும் தொகையோடு சுருங்கிவிடாது. இயலாமற்போனால், பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதைக் கொடுத்தோருக்கு விளக்கவேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டர் விதியே கூறுகிறது. பத்து டாலர் கொடுத்தவருக்கும் அக்கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.