கடலிலிருந்து எண்ணப்படும் நதி

ரயில்வேயில் 31 ஆண்டுகள் கார்டாக இருந்தேன். கார்டின் இடம் வண்டியின் கடைசிப் பெட்டி. டிரைவர் வரப்போவதைப் பார்க்கிறார், கார்டு கடந்துபோனதைப் பார்க்கிறார். விழுப்புரத்துக்கும் மதுரைக்கும் நடுவே எத்தனையோ இரவுகள், விலகிப் போகும் தண்டவாளத்தையும் அதன் ஓரத்துக் கிலோமீட்டர் எண்களையும் பார்த்தபடி நின்றிருக்கிறேன். எங்கள் பாதையில் எண் சென்னைப் பக்கம் தொடங்கித் தெற்கே போகப் போக ஏறும். தூரம் என்றால் இதுவரை வந்த தூரம். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

சென்ற ஜூலையில் ஜெர்மனியின் பாசாவ் நகரில் நானும் மனைவியும் டான்யூப் நதிக் கப்பல் ஒன்றில் ஏறினோம். கொலோனில் வேலை பார்க்கும் மகள் எங்களுக்காக ஏற்பாடு செய்த பயணம். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்று நான்கு நாடுகள், புடாபெஸ்ட் வரை. பாசாவ் துறையில் கரையோரம் ஒரு வெள்ளைப் பலகை, அதில் கறுப்பில் 2226. கப்பல் நகர்ந்ததும் பழக்கதோஷத்தில் அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன். 2225. அதற்கடுத்தது 2224. நீரோட்டத்தோடு முன்னே போகிறோம், எண்ணோ இறங்கிக்கொண்டே வருகிறது.

கொலோனில் ரைன் நதிக்கரையில் மாலை நடை போகும்போது 688 என்ற எண்ணைப் பார்த்திருந்தேன். சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பாலத்தைப் பூஜ்யமாக வைத்து, கடலை நோக்கி ஏறிப்போகும் எண் அது. எங்கள் ரயில் கணக்கேதான். டான்யூபில் எல்லாம் தலைகீழ். இங்கே பூஜ்யம் ருமேனியாவின் கோடியில், கருங்கடல் ஓரத்துச் சுலினாவில் இருக்கிறது. மலையிலிருந்து வரும் நதியைக் கடலிலிருந்து எண்ணுகிறார்கள். கரையில் நிற்கும் ஒவ்வொரு பலகையும் ‘இன்னும் இவ்வளவு’ என்கிறது.

எனக்கு 65 வயது. அப்பா 67-இல் போனார். இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் என் வயதுக்காரர்கள் பலர் மனசுக்குள் போட்டுப் பார்க்கும் கணக்கு என்பதால் எழுதிவிடுகிறேன். புதிதாக ஸ்கூட்டர் வாங்கினால் எத்தனை வருஷம் ஓட்டுவேன், கொல்லையில் வைத்த தென்னங்கன்று காய்க்கும்போது பார்க்க இருப்பேனா, பேத்தி பத்தாம் வகுப்பு எழுதும்போது எனக்கு என்ன வயது. வாய்விட்டுச் சொன்னால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள். அதனால் தனியாகவே கூட்டிக் கழிக்கிறோம். இங்கே பத்து நாடுகளின் வழியே ஓடும் நதி ஒன்று, நான் மறைத்து வைத்திருக்கும் அதே கணக்கைப் பெரிய எழுத்தில் கரையெல்லாம் நட்டுவைத்திருக்கிறது. முதல் இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஏன் தொடக்கத்திலிருந்து எண்ணவில்லை? முதலில் தோன்றிய கேள்வி அதுதான். டான்யூபின் தொடக்கம் எது என்பதே பழைய வழக்கு. கருங்காட்டு மலையில் பிறக்கும் பிரேக், பிரிகாஹ் என்ற இரண்டு ஓடைகள் டோனாவ்எஷிங்கன் ஊரருகே சேர்கின்றன. எங்கள் அரண்மனைத் தோட்டத்து ஊற்றுதான் மூலம் என்கிறது அந்த ஊர். இல்லை, பிரேக் ஓடை பிறக்கும் எங்கள் மலையே மூலம் என்கிறது ஃபுர்ட்வாங்கன். பாசாவில் இன்னொன்றும் பார்த்தேன். ஆல்ப்ஸ் பனி கரைந்து வரும் இன் நதி வெளிறிய பச்சையாகவும், காட்டுச் சதுப்பு நிலத்திலிருந்து வரும் இல்ஸ் கறுப்பாகவும் வந்து டான்யூபில் கலக்கின்றன. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் அந்த இடத்தில் இன் கொண்டுவரும் நீர்தான் அதிகம். பெயர் மட்டும் டான்யூபுக்குப் போய்விட்டது. நம் வாழ்க்கைக்கும் நம் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், என் விஷயத்தில் பதில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவள்தான்.

அன்றிரவு கப்பல் யோஹென்ஸ்டைன் அணைக்கு வந்தது. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடு எல்லையில், இரண்டு நாடுகளும் சேர்ந்து 1950-களில் கட்டிய அணை. கப்பல்கள் கீழே இறங்குவதற்கு அணையின் பக்கத்தில் முன்னும் பின்னும் கதவு வைத்த நீளமான தொட்டி உண்டு. லாக் என்கிறார்கள். உள்ளே போனதும் பின்கதவு மூடும், தண்ணீரை வடிப்பார்கள், கப்பல் சத்தமில்லாமல் இறங்கும். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஈரமான கான்கிரீட் சுவர் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. நான் மேல்தளத்துக்குப் போனேன்.

அங்கே கயிற்றைப் பிடித்தபடி ஒரு மாலுமி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ருமேனியாக்காரர், டெல்டா தொடங்கும் துல்சியா ஊர். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். பலகையைக் காட்டி, எண் குறைந்துகொண்டே போவது உங்களுக்கு ஒரு மாதிரியாக இல்லையா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடி விளக்கினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: “ஏன்? அது குறையக் குறைய வீடு கிட்டே வருகிறது. நூறுக்குக் கீழே இறங்கினால் என் ஊர்.”

கீழ்க்கதவு திறந்தது. கப்பல் வெளியே வந்தது. நான் கேபினுக்குத் திரும்பி வந்து தூங்கிவிட்டேன்.

மறுநாள் வாஹௌ. மெல்க் ஊருக்கும் கிரெம்ஸ் ஊருக்கும் இடையே மலைகள் நதியை நெருக்கும் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்ப் பள்ளத்தாக்கு. யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2036-ஆம் கிலோமீட்டரில் மெல்க். பாறைமேல் மஞ்சள் நிறத்தில் பெனடிக்டைன் துறவிகளின் மடம், 1089 முதல் அங்கேயே இருக்கிறார்கள். சாந்து இல்லாமல் கல்லடுக்கி எழுப்பிய சுவர்களின் மேல் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். இடது கரையில் வில்லண்டார்ஃப் என்ற சிற்றூர் வந்தது. 1908-இல் இந்தக் கரையோரமாக ரயில் பாதை போட்ட காலத்தில் நடந்த அகழாய்வில், 11 சென்டிமீட்டர் உயரமுள்ள கல் பெண்ணுருவம் ஒன்று இங்கே கிடைத்தது. ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமை. இப்போது வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரயில்காரன் என்பதால், அந்த ஊரைக் கடக்கும்போது கரையோரத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை போட வந்தவர்களின் கடப்பாரைக்குப் பக்கத்தில் அத்தனை காலம் புதைந்து கிடந்திருக்கிறது.

2009-ஆம் கிலோமீட்டரில் டுயர்ன்ஸ்டைன். கோயில் கோபுரம் நீலமும் வெள்ளையுமாக நதியைப் பார்த்து நிற்கும். மேலே இடிந்த கோட்டை. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192-இல் ஆஸ்திரியக் கோமகன் பிடித்து அடைத்து வைத்தது இங்கேதான். கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் கோட்டைக்கு ஏறினார்கள். மனைவிக்கு முழங்கால் வலி.

“என்னங்க, நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கேயே உக்காந்திருக்கேன்” என்றாள்.

போகக் கிளம்பியவன், நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஆப்ரிகாட் பருவம். தெருவோரத்தில் அட்டைப் பெட்டிகளில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து மக்கள் மரிலென் என்கிறார்கள். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு நதியைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்தோம். பழம் வெயிலில் சூடாக இருந்தது. அவள் கொட்டையைத் துப்பாமல் கைக்குட்டையில் சேர்த்து வைத்தாள். முளைக்காது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும், சொல்லவில்லை. எதிர்க்கரையில் ஒருவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தார். ஒரு சரக்குப் படகு நீரோட்டத்தை எதிர்த்துத் திணறி ஏறி வந்தது. அதன் அலை கரைக்கு வந்து சேர அத்தனை நேரம் பிடித்தது. அலை வந்து அடங்கிய பிறகும் நாங்கள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் அப்படிப் போனது. முப்பது வருஷ இரவுப் பணியில் இவளோடு பகலில் இப்படி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. பயணம் முழுவதிலும் நான் எதையாவது முழுதாகப் பார்த்தேன் என்றால் அது இங்கேதான்.

கப்பல் பயணத்தின் குறையையும் சொல்ல வேண்டும். வியன்னாவுக்கு ஒரு பகல், பிராட்டிஸ்லாவாவுக்கு அரைப் பகல். எத்தனையோ ஊர்கள் நாம் தூங்கும்போது போய்விடுகின்றன. வியன்னாவில் பேருந்தை விட்டு இறங்கி ஏறி, அரண்மனை பார்த்துக் காபி குடித்து, வழிகாட்டியின் குடையைத் துரத்தியது போக என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. அந்த நகரத்தைப் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

வியன்னா மாலையில் அந்த மாலுமியை மறுபடி பார்த்தேன். அவருடைய மொழியில் நதிக்கு டுனரியா என்று பெயர். ஜெர்மன்காரர்களுக்கு டோனாவ், ஸ்லோவாக்கியருக்கு டுனாய், ஹங்கேரியருக்கு டூனா, செர்பியருக்கு டுனாவ். பெயர் எதுவானாலும் எண் ஒன்றுதான் என்றார். சுலினாவைப் பற்றிக் கேட்டேன். 1856-இல் பாரிஸ் உடன்படிக்கைப்படி அமைந்த ஐரோப்பிய டான்யூப் ஆணையம் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டியது. கட்டியபோது கடலோரத்தில் நின்றது. நதி அள்ளிவந்த மண் ஆண்டுக்காண்டு சேர்ந்து கடலைத் தள்ளிவிட்டது. இன்று விளக்கம் ஊருக்குள்ளே நிற்கிறது, கப்பல்களுக்கு அதனால் பயனில்லை. “சின்ன வயதில் அங்கே போகும்போது அதன் படியேறி விளையாடுவோம். நதி அதைத் தாண்டி இன்னும் ஓடுகிறது” என்றார்.

தொடக்கத்துக்கு வழக்கு நடக்கிறது, முடிவோ நகர்ந்துகொண்டிருக்கிறது. அப்பாவின் வயதை வைத்து நான் நட்ட பூஜ்யமும் அப்படியொரு பழைய கலங்கரை விளக்கம்தானோ என்று நினைத்தேன். மனம் ஆறுதலைத் தேடி ஓடுகிறது என்பதும் தெரிந்தே இருந்தது.

பிராட்டிஸ்லாவாவுக்குச் சற்று முன்பு, மொராவா நதி வந்து சேரும் இடத்தில் பாறைமேல் டெவீன் கோட்டை. ஒரு கரை ஆஸ்திரியா, மறுகரை ஸ்லோவாக்கியா. 1989 வரை இங்கே முள்வேலியும் காவல் கோபுரங்களும் இருந்தன. நீந்தித் தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் நீரோரத்தில் நிற்கிறது. 1989 டிசம்பரில் பிராட்டிஸ்லாவா மக்கள் பெருங்கூட்டமாக எல்லையைக் கடந்து எதிரே உள்ள ஹைன்பர்குக்கு நடந்து போனார்கள். எங்கள் கப்பல் அந்த எல்லையைக் கடந்தபோது தட்டில் சூப் இருந்தது. நாடு மாறியதைக் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்திதான் சொன்னது.

புடாபெஸ்டுக்கு இரவில் வந்தோம். நாடாளுமன்றக் கட்டடம் பொன்னாக எரிந்தது. எல்லோரும் மேல்தளத்தில் நின்று படமெடுத்தார்கள், நாங்களும்தான். விடிந்ததும் நாங்கள் இருவர் மட்டும் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துக் கரைக்கு நடந்தோம். அங்கே நீர் விளிம்பில் 60 ஜோடி இரும்புக் காலணிகள் இருக்கின்றன. ஆணுடையவை, பெண்ணுடையவை, குழந்தையுடையவை. திரைப்பட இயக்குநர் ஜான் டோகாய் எண்ணத்தில், சிற்பி ஜூலா பாவர் செய்து 2005-இல் வைத்தவை. 1944-45 குளிர்காலத்தில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு ஏரோ கிராஸ் ஆட்கள் யூதர்களை இந்தக் கரைக்கு இழுத்துவந்து, காலணியைக் கழற்றச் சொல்லி, நீரை ஒட்டி நிறுத்திச் சுட்டார்கள். உடல்களை நதி கொண்டுபோயிற்று. ஒரு சின்ன ஷூவுக்குள் யாரோ வாடாத பூ வைத்திருந்தார்கள். மனைவி கைக்குட்டையைத் திறந்து, ஆப்ரிகாட் கொட்டை ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தாள்.

அங்கே நின்றவர்களுக்கு மீதி இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது, கல்யாணம் இருந்தது, கிழப்பருவம் இருந்தது. வேறு சிலர் வந்து அவர்களுடைய காலடியில் பூஜ்யத்தைப் போட்டுவிட்டார்கள். மனிதன் மனிதனுக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய திருட்டு அது. மீதியை எண்ணிப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டு கிடைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து பயந்து அதில் எத்தனை நாளை நானே வீணாக்கியிருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

பெட்டிகளோடு இறங்கும்போது அந்த மாலுமி கைகுலுக்கினார். கப்பல் புது ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி பாசாவுக்கே திரும்பப் போகிறது. அவர் ஊருக்குப் போக அக்டோபர் ஆகுமாம். துறையில் எங்களுக்கு நேரே பலகை நின்றது. நாங்கள் அந்த நதியில் வந்தது 579 கிலோமீட்டர். பலகையில் இருந்தது 1647.