விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தப் பழமொழி நம் நாவில் தானாகவே வந்து நிற்கிறது. நாம் வாழும் ஜேர்மனியில் ஊருக்கு ஊர் விளையாட்டுக் கழகங்கள் உள்ளன. பிள்ளையைக் கழகத்தில் சேர்த்த சில மாதங்களுக்குள் “இவனிடம் திறமை இருக்கிறதா?” என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. பயிற்றுநர் கேட்கிறார், பெற்றோராகிய நாமும் கேட்கிறோம். பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியுமா? அப்படித் தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு எந்த அளவுக்கு உண்டு? இவை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டியவை.

முளையில் தெரிவது என்ன என்பதை முதலில் பார்ப்போம். உதைபந்தாட்டத்தில் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டின்படி பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணியில் நிற்பார்கள். பத்து வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது, பிள்ளை வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக இருப்பான், வேகமாக ஓடுவான். பயிற்றுநரின் கண் அவனிடமே போகும். கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி முதலிய ஆய்வாளர்கள் 1985இல் பனிக்கட்டி ஹொக்கி வீரர்களின் பிறந்த நாட்களை ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருக்கக் கண்டனர். ஜேர்மனியின் இளையோர் உதைபந்தாட்டத் தெரிவுகளிலும் இதே போக்குக் காணப்பட்டுள்ளது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தெரிவானவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதலான போட்டிகளும் கிடைக்கின்றன. அதனால் அவன் உண்மையிலேயே சிறந்தவனாகி விடுகிறான். “நான் அன்றைக்கே சொன்னேனே” என்று தெரிவு செய்தவர் மகிழ்கிறார். ஆனால் அவர் முளையில் கண்டது பயிரின் தரத்தையா, அல்லது எது முந்தி விதைக்கப்பட்டது என்பதையா?

பிந்தி விளைந்த பயிருக்கு நாம் வாழும் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மிரோஸ்லாவ் குளோசே 1978இல் போலந்தில் பிறந்து, சிறுவனாக ஜேர்மனிக்கு வந்தவர். நம் பிள்ளைகள் பலரைப் போலவே புதிய மொழியைப் பள்ளியில் கற்றுக்கொண்டவர். தச்சுத்தொழில் பயின்றார். ஏறத்தாழ இருபது வயதுவரை ஒரு சிற்றூர்க் கழகத்துக்காகக் கீழ்ப்படிநிலைப் போட்டிகளிலேயே ஆடினார். அந்த வயதுக்குள் பெரிய கழகங்கள் தங்கள் தெரிவை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் 2001இல் அவர் தேசிய அணியில் இடம்பெற்றார். 2014இல் ஜேர்மனி உலகக் கிண்ணத்தை வென்றபோது, நான்கு உலகக் கிண்ணப் போட்டிகளில் 16 கோல்கள் அடித்து, அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டியிருந்தார். பத்து வயதிலேயே யாராவது “உனக்கு இது சரிவராது” என்று சொல்லி, அவரும் அதை நம்பியிருந்தால்?

சரி, தவறே நேராமல் திறமையை அளக்கும் கருவி ஒன்று கிடைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? அதற்கு முன்னாள் கிழக்கு ஜேர்மனி விடை தருகிறது. அங்கே 1970களில் பாடசாலைகளிலேயே பிள்ளைகளின் உயரம், எடை, ஓட்டம் முதலியவற்றை முறைப்படி அளந்து தெரிவு செய்தார்கள். தெரிவானவர்கள் தனி விளையாட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். வெறும் ஒரு கோடியே எழுபது இலட்சம் மக்களைக் கொண்ட அந்த நாடு 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 40 தங்கப் பதக்கங்களை வென்றது. அமெரிக்காவுக்குக் கிடைத்தவை 34. திறமையைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் வல்லவர்கள்தான். ஆனால் அதே அரசு 1974 முதல் இரகசியத் திட்டமொன்றின்படி வீரர்களுக்கு ஹோர்மோன் மாத்திரைகளையும் கொடுத்தது. வயதுவராத சிறுமிகளுக்குக்கூட “விற்றமின்” என்று சொல்லிக் கொடுத்தார்கள். பலருடைய உடல்நலம் வாழ்நாள் முழுவதும் கெட்டது. விளையாட்டுத்துறைத் தலைவராக இருந்த மன்பிரட் ஏவால்டும், மருத்துவப் பொறுப்பாளராக இருந்த மன்பிரட் ஹெப்னரும் 2000ஆம் ஆண்டு பேர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

அங்கே கண் பழுதாக இருக்கவில்லை. கருத்துத்தான் பழுதாக இருந்தது. பிள்ளையின் திறமை பிள்ளைக்கே உரியது என்பதை மறந்து, அதை அரசின் சொத்தாகக் கருதினார்கள்.

அப்படியானால் தெரிவே கூடாதா என்று கேட்கலாம். அதுவும் சரியல்ல. வசதியற்ற வீட்டுப் பிள்ளையின் திறமையை ஒரு பயிற்றுநர் கண்டு சொல்லாவிட்டால், அது வெளியே தெரியாமலே போய்விடும். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் முதற் சுற்றிலேயே வெளியேறிய ஜேர்மனியின் உதைபந்தாட்டச் சங்கம், 2002 முதல் நாடெங்கும் பயிற்சி நிலையங்களை அமைத்து, சிற்றூர்ப் பிள்ளைகளையும் தேடிச் சென்றது. தேடுவது நல்லது. கதவைத் திறப்பதற்காகத் தேடுகிறோமா, மூடுவதற்காகத் தேடுகிறோமா என்பதே கேள்வி.

இக்கேள்வி நம் வீடுகளுக்கும் உரியது. இங்கு பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிவிலேயே பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது என்று பிரித்துவிடுகிறார்கள். “பத்து வயதில் என் பிள்ளையை எப்படி அளக்கலாம்?” என்று அப்போது நாம் மனம் நோகிறோம். அதே நாம், புள்ளிகள் குறைந்தால் முதலில் நிறுத்துவது விளையாட்டைத்தான். மகள் பெரியவளானதும் அவளுடைய விளையாட்டுச் சப்பாத்து அலுமாரிக்குள் போய்விடும் வீடுகளும் உண்டு. வேறு சில வீடுகளில் தந்தையின் நிறைவேறாத ஆசையை மகன் மைதானத்தில் சுமந்துகொண்டு ஓடுகிறான். ஒருவர் தடுக்கிறார், மற்றவர் தள்ளுகிறார். இருவருமே “இதனால் என்ன கிடைக்கும்?” என்றுதான் கேட்கிறார்கள், “உனக்கு இது பிடித்திருக்கிறதா?” என்று பிள்ளையிடம் கேட்பதில்லை.

விளையும் பயிர் சில வேளைகளில் முளையிலே தெரியலாம். ஆனால் நல்ல கமக்காரன் தெரிந்த முளைக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. வயல் முழுவதற்கும் பாய்ச்சுகிறான். நாமும் பிள்ளைகள் பதினைந்து, பதினாறு வயதாகும்வரையாவது தீர்ப்பை ஒத்திவைத்து, ஆடுவதற்கு இடமும் நேரமும் கொடுப்போம். அவர்களில் எத்தனை பேர் வீரர்கள் ஆவார்கள் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் தங்கள் திறமை தங்களுடையதே என்று அறிந்த பிள்ளைகளாக அவர்கள் வளர்வது நம் கையில் இருக்கிறது.