முஸல்லாவின் கோலமும் உள்ளத்தின் கோலமும்



சிட்லபாக்கத்தில் ஒரு வீடு. நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவ்வீட்டு மூதாட்டி பல்லாண்டுகளாகப் பத்தமடைக் கோரைப் பாயில் தொழுது வருபவர். 2015 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது, அவர் முதலில் மாடிக்கு எடுத்துச் சென்றது அந்தப் பாயைத்தான்.

வளைகுடா நாட்டிலிருந்து வந்த மகன் வெல்வெட் முஸல்லா ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் கஅபாவின் படம்; சுற்றிலும் பொன்னிறப் பூ வேலை. "கறுத்துப்போன இந்தப் பாயை எறிந்துவிடுங்கள் உம்மா!" என்றார். "படத்தில் கால் பட்டுவிடுமோ என்று மனம் கூசுகிறதப்பா. எனக்கு இது வேண்டாம்" என்றார் தாய். மகன் முகம் வாடிப்போனது. அன்று முதல் இருவரும் வேறு வேறு அறையில் தொழுகிறார்கள். "ஹஸரத், யார் சொல்வது சரி?" என்று என்னிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வி நம்மில் பலருக்கும் உரியது.

முஸல்லாவில் கோலமிடுவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமல்ல. துருக்கியின் கோர்தெஸ், குலா, லாதிக் ஆகிய ஊர்களில் நெய்யப்பட்ட பழைய விரிப்புகள் இன்றும் அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் நடுவே ஒரு வளைவு இருக்கும். அது பள்ளிவாசலின் மிஹ்ராபு. அதிலிருந்து ஒரு விளக்கு தொங்கும். ஸூரத்துந் நூரின் 35ஆவது வசனத்தில், அல்லாஹ்வின் ஒளிக்கு மாடத்தில் உள்ள விளக்கு உவமையாகக் கூறப்படுவதை அது நினைவூட்டுகிறது என்பர். சிலவற்றில் ஒளுச் செய்யும் கெண்டி இருக்கும். சிலவற்றில் சுவர்க்கச் சோலையைக் குறிக்கும் பூக்களும் மரங்களும் இருக்கும். பலர் அணிவகுத்துத் தொழ, வரிசையாகப் பல வளைவுகள் வைத்து நெய்த விரிப்புகளும் உண்டு.

இவற்றின் கண்ணியம் குறித்து அக்காலத்திலேயே கவலை இருந்தது. மிஹ்ராபும் கஅபாவும் எழுத்துக்களும் கொண்ட விரிப்புகள் பிற மதத்தாருக்கு விற்கப்படுவதைக் கண்டு, அவ்விதம் நெய்யக்கூடாது என்று 1610இல் உதுமானிய அரசு கூத்தாஹியா நகருக்கு ஆணை அனுப்பியது. ஆகவே அந்தத் தாயின் கூச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆனால், கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாப் பள்ளியில் இன்றுள்ளது போன்ற குழிவான மிஹ்ராபே இல்லை. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அப்பள்ளியைப் புதுப்பித்தபோதுதான் அது வந்தது. நாயகம் (ஸல்) வெறும் தரையில் தொழுதார்கள். ஒரு ரமளான் இரவில் மழை ஒழுகி, நெற்றியில் சேறு படிய ஸஜ்தாச் செய்தார்கள். பேரீச்ச ஓலையில் முடைந்த சிறு பாயிலும் தொழுதார்கள். நம் பத்தமடை லெப்பைமார் வீடுகளில், தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, ஊறவைத்து, உலர்த்தி, பருத்தி நூலில் கோத்து நெய்யும் பாய் அந்த ஓலைப் பாய்க்கு உறவுதான்.

ஒருமுறை நாயகம் (ஸல்) கோலமிட்ட போர்வையை அணிந்து தொழுதார்கள். அவர்களுடைய பார்வை அதன் வேலைப்பாட்டில் சென்றது. தொழுகை முடிந்ததும், அதை அபூ ஜஹ்மிடம் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள கோலமில்லாப் போர்வையை வாங்கி வரச் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) இதை அறிவிக்கிறார்கள். கவனியுங்கள்! அந்தப் போர்வையை அன்பளித்தவரே அபூ ஜஹ்முதான். வேண்டாம் என்று திருப்பியதோடு நிற்காமல், அவரிடமே வேறொன்றைக் கேட்டதால் கொடுத்தவர் மனம் புண்படவில்லை.

தாயே! படமுள்ள முஸல்லாவில் தொழுத தொழுகை கூடாமல் போகாது. ஆனால் உள்ளம் சிதறுமானால் அதைத் தவிர்ப்பதே மேல். "இது வேண்டாம்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "மகனே, இதற்குப் பதிலாகப் பத்தமடையில் ஒரு புதுப் பாய் வாங்கித் தா" என்று கேளுங்கள்.

மகனே! நீர் கறுத்துப்போனது என்று பழித்தது எதை? அனஸ் (ரலி) வீட்டு மூதாட்டி முலைக்கா, நாயகத்தை விருந்துக்கு அழைத்தார். உண்டபின் நாயகம் (ஸல்) தொழ எழுந்தபோது அங்கிருந்தது, புழங்கிப் புழங்கிக் கறுத்த ஒரு பாய். அனஸ் அதில் நீர் தெளித்தார். நாயகம் அதன்மேல் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னே அனஸும் ஓர் அநாதைச் சிறுவரும், அவர்களுக்குப் பின்னே அந்த மூதாட்டியும் நின்று தொழுதார்கள்.

இன்று மஃரிபுக்கு அந்தப் பழைய பாயையே விரியும். நீர் முன்னே நில்லும். தாய் பின்னே நிற்கட்டும்.

வல்ல நாயன் நம் வீடுகளை ஒன்றாய்த் தொழும் வீடுகளாக ஆக்குவானாக! ஆமீன்.